டிக்கிக்குள்ள என்ன கிடக்கு?

போன மாதம் அம்மப்பாவோட இருந்து 'தொடரும்' படம் பார்த்தேன். 2025இல வந்த மலையாளப் படம், தருண் மூர்த்தி இயக்கினது. மோகன்லால் அதில ஒரு டாக்ஸிக்காரன். ஒரு காலத்தில சென்னையில சினிமாச் சண்டைக்காரனா இருந்துவிட்டு ஊருக்கு வந்து, ஒரு கறுப்பு அம்பாஸடரை பிள்ளையைப்போல வைத்திருக்கிறான். (கதை தெரிந்தால் பிடிக்காதவர்கள் அடுத்த பந்திக்குப் போங்க.) அந்தக் காரை பொலிஸ் பிடித்துக்கொண்டு போகுது. திருப்பி எடுத்துக்கொண்டு வருகிறபோது பொலிஸ்காரர்களே ஏறி, காட்டுப்பக்கம் ஓடச் சொல்கிறார்கள். டிக்கிக்குள்ள ஒரு சவம் கிடக்கு. அது அவனுக்குத் தெரியாது.

அந்த இடத்தில அம்மப்பா கதிரையில இருந்து முன்னுக்குச் சாய்ந்து, "விசரன், டிக்கியத் திறந்து பார்க்காமலா ஓடுறான்?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. 1968இலிருந்து 2006 வரைக்கும் செங்கலடிச் சந்தியில ஹயர் கார் ஓடின மனிசன் அவர். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

குற்றப் படங்களில கார் எதுக்கு வருகுது? துரத்துவதற்கு என்றுதான் எல்லாரும் சொல்வோம். டயர் கிறீச்சிடும், மரக்கறி வண்டி தெறிக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால் துரத்தல் அதில சின்னப் பங்குதான். காருக்கு ஒரு இலக்கம் இருக்கு, அந்த இலக்கம் ஒரு பெயரில பதிவாகியிருக்கு, அந்தப் பெயருக்கு ஒரு விலாசம் இருக்கு. துப்பறிகிறவனுக்கு அது கைரேகையைவிட லேசான வழி. மறுபக்கம், காருக்கு ஒரு டிக்கி இருக்கு. அதுக்குள்ள இருப்பது வெளியில தெரியாது. ஒன்று ஊருக்கே காட்டுகிறது, மற்றது ஊருக்கே ஒளிக்கிறது. கார் வருகிற குற்றப் படங்களில முக்கால்வாசி இந்த இரண்டுக்கும் நடுவிலதான் ஓடுது.

ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' (1960) என்றவுடன் எல்லாருக்கும் குளியலறைதான் ஞாபகம். ஆனால் அதுக்கு முந்தின அரைவாசி நேரமும் ஒரு பெண் கார் ஓடுகிற கதை. 40,000 டொலரைக் களவெடுத்துக்கொண்டு போகிறாள். வீதியோரம் காருக்குள்ள நித்திரையான அவளை ஒரு பொலிஸ்காரன் தட்டி எழுப்புகிறான். அவளுக்கு வருகிற முதல் யோசனை, இந்த இலக்கத் தகட்டை மாற்ற வேண்டும் என்பது. பழைய கார் விற்கிற இடத்தில காரையே மாற்றி, கலிபோர்னியா இலக்கம் போட்ட இன்னொன்றை எடுக்கிறாள். கடைசியில அவளும், கடதாசியில சுற்றின காசும் அந்தக் காரின் டிக்கிக்குள்ள சதுப்புக்குள்ள போகிறார்கள். பாதி தாண்டு கார் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். அந்த நேரம் நாங்கள் கொலையை மறைக்கிறவன் பக்கம் நின்று 'தாண்டு போ, தாண்டு போ' என்று நினைப்போம். படத்தின் கடைசிக் காட்சியும் அந்தக் காரைச் சங்கிலி போட்டு இழுப்பதுதான்.

தமிழில இந்தக் கதை பிந்தித்தான் தொடங்குது. மதராஸைக் கலக்கின பழைய கொலை வழக்குகளைப் பாருங்க. 1944இல பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனை குத்தினது ரிக்‌ஷாவில போகும்போது. 1952இல ஆளவந்தார் வழக்கில தலை இல்லாத உடல் ஒரு டிரங்குப் பெட்டிக்குள்ள வைத்து இலங்கைக்கு வருகிற போட்மெயில் ரயிலில ஏற்றப்பட்டது. மானாமதுரையில நாற்றம் பிடித்துப் பெட்டியை இறக்கினார்கள். அமெரிக்காக்காரன் டிக்கியையும் டிரங்க் என்றுதான் சொல்வான். எங்கட பக்கத்துக் குற்றத்துக்கு அந்தக் காலம் கார் கிடைக்கவில்லை, பெட்டிதான் கிடைத்தது.

'புதிய பறவை' (1964) இதுக்கு நல்ல உதாரணம். தாதா மிராசி இயக்கி சிவாஜி நடித்தது. அதுக்கு முதல் வந்த வங்காளப் படம் 'சேஷ் அங்கா'. அதுக்கும் மூலம் 1958இல வந்த 'சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ' என்ற பிரித்தானியப் படம். பிரித்தானியப் படத்தில குற்றமே கார்தான்: செத்துப்போன அண்ணன் திரும்பி வந்துவிட்டேன் என்று ஒருவன் வந்து நிற்க, அந்த அண்ணனின் காரில தானே கைவைத்ததை கதாநாயகி கடைசியில ஒப்புக்கொள்கிறாள். தமிழுக்கு வந்தபோது ஆள் மாறி, மனைவி ஆகி, குற்றமும் மாறிவிட்டது. ஒரு அறை, அதில செத்துப்போன மனைவி, அவள் உடலைக் கொண்டுபோய்ப் போட்டது தண்டவாளத்தில. அதனால்தான் கோபாலுக்கு ரயிலைக் கண்டால் உடம்பு நடுங்குது. பார்க்க வந்த சனத்துக்கு பிரேக் பழுதாக்குகிற கதை தூரமாயிருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ரயிலும் அறையும் எல்லாருக்கும் தெரிந்தது.

அதே காலத்தில சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து வரிசையாகத் துப்பறியும் படங்கள் எடுத்தது. 'வல்லவன் ஒருவன்' (1966), 'சிஐடி சங்கர்' (1970), 'கருந்தேள் கண்ணாயிரம்' (1972). 'தென்னக ஜேம்ஸ்பாண்ட்' என்ற பட்டம் அவருக்கு அப்பிடித்தான் வந்தது. ஆனால் பாண்டுக்கு இருந்த கார் வசதி இவருக்கு இல்லை. இந்தியாவில அப்போது ஓடினது பெரும்பாலும் மூன்று வகைக் கார்: அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். கதாநாயகனும் அதில, கொள்ளைக்காரனும் அதில, டாக்ஸிக்காரனும் அதில. ஆகவே பெரிய வில்லன் என்று காட்ட வேண்டுமென்றால் எங்கேயாவது ஒரு நீட்டு வெளிநாட்டுக் காரைத் தேடிப் பிடிக்க வேணும். அந்தக் கார் கேற்றுக்குள்ள நுழைந்தவுடனேயே கடத்தல்காரன் யார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும், சங்கருக்குத் தெரிய இன்னும் இரண்டு மணித்தியாலம் போகும். துரத்தல் காட்சிகளில முக்கால்வாசி நிற்கிற காருக்குப் பின்னால திரையில வீதியை ஓட்டி எடுத்தது. நேர் வீதியில ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டே போவார்கள். அம்மப்பாவுக்கு அதைப் பார்த்தால் பொறுக்காது. "இப்பிடி ஓடினா கித்துள் போறதுக்குள்ள வாய்க்காலுக்குள்ள தான்" என்பார்.

இங்க நிலைமை வேற. இலங்கையில அம்பாஸடர் கிடையாது, ஆனால் அதின் மூத்த சகோதரம் மொறிஸ் ஒக்ஸ்போட் இருந்தது. அம்மப்பாவின் தலைமுறைக்கு தமிழ்ப் படத்தில வருகிற அம்பாஸடர் வேற பெயர் வைத்த ஒக்ஸ்போட். சந்தியில நின்ற ஹயர் கார்கள் மொறிஸ் மைனர், ஒஸ்டின் இரண்டும்தான் கூட. 70இலிருந்து 77 வரைக்கும் இறக்குமதி இறுகினபோது இருந்த கார்களையே ஒட்டி ஒட்டி ஓடினார்கள். 77க்குப் பிறகுதான் யப்பான் கார்கள் நிறைந்தது.

குற்றத்தில கார் வருகிற கதை எங்கட நாட்டில படத்துக்கு முதலே நீதிமன்றத்தில நடந்திருக்கு. 1951 ஒக்டோபரில, இலங்கை கண்ட பெரிய துடுப்பாட்டக்காரர்களில ஒருவரான மகாதேவன் சதாசிவம் தன் மனைவியைக் கொன்றதாகக் கைதானார். அவர் வீட்டிலிருந்து ஒரு டாக்ஸி எடுத்துக்கொண்டு காலை 10.30 அளவில வெளியேறியிருந்தார். அந்த டாக்ஸி வந்த நேரத்துக்கு முன்னமா பின்னமா மரணம் நடந்தது என்பதுதான் வழக்கின் நடு முடிச்சு. கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார், எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் என்ற தடயவியல் பேராசிரியர் வந்து சாட்சி சொன்னார். சதாசிவம் விடுதலையானார். ஒரு டாக்ஸியும் ஒரு மணிக்கூடும் சேர்ந்து ஒரு மனிசனைத் தூக்கிலிருந்து இறக்கின கதை. இங்கத்தைய தமிழ்ப் படங்களின் ஆரம்பப் பட்டியலிலும் 1966இல 'டாக்சி டிரைவர்' என்று ஒரு பெயர் இருக்கு. ஸ்கோர்சீஸியின் படத்துக்குப் பத்து வருசம் முந்தினது என்று நாங்கள் கூட்டத்தில பெருமைக்குச் சொல்லிக்கொள்வோம்.

இப்ப இலக்கத் தகட்டுக்கு வருவோம். ஏனென்றால் எங்கட நாட்டில அந்தத் தகடே ஒரு குற்றமாகியிருக்கு. 1957 வரைக்கும் வாகன இலக்கத்துக்கு முன்னால ஆங்கில எழுத்து. 1957 தொடக்கம் அந்த இடத்துக்குச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. அடுத்த வருசம் பஸ் சேவை தேசியமயமாகி, சிங்கள ஸ்ரீ போட்ட புது பஸ்கள் வடக்குக் கிழக்குக்கு வர, தமிழரசுக் கட்சி தார்ச் சட்டியோட இறங்கியது. சிங்கள எழுத்தை அழித்து அந்த இடத்தில தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். செல்வநாயகம் இதுக்காக மட்டக்களப்பில சிறையும் போனார். தெற்கில பதிலுக்குத் தமிழ் எழுத்துகளில தார் பூசினார்கள். 1958 ஏப்ரலில பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதம் கலவரம். எத்தனை உயிர் போனது என்று எல்லாரும் படித்திருப்பீர்கள். ஒரு தகட்டில ஒரு எழுத்து. பிறகு ஸ்ரீ முடிந்து கோடு போட்ட இலக்கம் வந்தது, 2000இலிருந்து திரும்பவும் ஆங்கில எழுத்து, அதோட மாகாணக் குறியீடு. ஈ.பீ. என்று போட்ட எங்கட வாகனம் கொழும்புக்குப் போனால் எந்தச் சாவடியில நிற்க வேணும் என்று சொல்லத் தேவையில்லை. ஆளைப் பார்க்க முதல் தகட்டைப் பார்த்தார்கள்.

அம்மப்பாவின் மைனர் 1957க்கு முந்தினது. இரண்டு ஆங்கில எழுத்துப் போட்ட தகடு. "நம்மட காருக்கு ஒரு பாசையும் தெரியா மனே, அதால தப்பிச்சிது" என்று பகிடி விடுவார்.

தமிழ் சினிமாவில குற்றப் படத்தின் முகத்தை மாற்றின ஒருவர் எங்கட வாவிக்கரையில பிறந்தவர் என்பதை இங்க சொல்லாமல் போக ஏலாது. பாலுமகேந்திரா, அமிர்தகழி, 1939. படிக்கிற காலத்தில கித்துல்கலவுக்குப் போனபோது அங்க டேவிட் லீன் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' எடுத்துக்கொண்டிருந்ததையும், லீன் 'மழை' என்று கத்த மழை பெய்ததையும் பார்த்து, தானும் மழை பெய்ய வைக்க வேணும் என்று நினைத்ததாக அவரே பல இடத்தில சொல்லியிருக்கிறார். 1980இல அவர் எடுத்த 'மூடுபனி' ராஜேந்திரகுமாரின் நாவலை வைத்து, சைக்கோவின் நிழலில வந்தது. இளையராஜாவுக்கு நூறாவது படம். பிரதாப் போத்தன் பெண்களைக் கொல்கிறவன். பெங்களூரில தொடங்கி, கடத்தின பெண்ணோட ஊட்டி மலைக்கு ஏறுது கதை. ஜெய்சங்கர் படங்களில வெளிச்சம் மேடை வெளிச்சம். இதில பனியும் சன்னல் வெளிச்சமும்தான். கொலைகாரனைத் துரத்திப் பிடிக்கிற சந்தோசத்தை பாலுமகேந்திரா எங்களுக்குத் தரவில்லை, அவன் பக்கத்தில எங்களை இருத்திவிட்டார். அவர் எங்கட ஊர் வீதிகளில ஒரு குற்றப் படம் எடுத்திருந்தால் எப்பிடி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். செங்கலடியில செல்லம் தியேட்டரில இருந்து அதைப் பார்க்கிறதையும் சேர்த்துத்தான்.

ஆனால் எடுத்திருந்தாலும் ஒரு சிக்கல் இருந்திருக்கும். செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளைப் பக்கம் திரும்பினால் ஏ5 வீதி. கொஞ்சத் தூரத்தில கறுப்புப் பாலம். சண்டைக்காலத்தில அதுதான் எல்லை. இங்கால அரசாங்கம், அங்கால படுவான்கரை, இயக்கத்தின் பகுதி. பாலத்தடியில வாகனங்கள் வரிசையா நிற்கும். டிக்கியத் திற, சீற்றைத் தூக்கு, சாமானை இறக்கு. படத்தில டிக்கியத் திறக்கச் சொன்னால் எங்களுக்கு நெஞ்சு அடிக்கிறது, உள்ளுக்குச் சவம் கிடக்கு என்று தெரிந்தபடியால். கறுப்புப் பாலத்தில நெஞ்சு அடித்தவர்கள் டிக்கிக்குள்ள வைத்திருந்தது டோர்ச் பற்றரியும் ஒரு போத்தல் பெற்றோலும். கட்டுப்பாடு இல்லாத பகுதிக்கு அதுகள் தடை. ஒருமுறை பிள்ளைப்பேற்றுக்குப் போன ஒரு பெண்ணை கரடியனாற்றுப் பக்கத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தபோது அரை மணித்தியாலம் டிக்கியைக் கிண்டினதாக அம்மப்பா சொன்னார். அரிசி மூட்டையைத் தவிர ஒன்றுமில்லை. அரிசியையும் கொட்டிப் பார்த்தார்கள். குற்றவாளிக்கு மட்டும் வருகிற பதற்றம் என்று ஹிட்ச்கொக் நினைத்தது இங்க ஊருக்கே சும்மா கிடைத்தது.

மற்றது, இலக்கத் தகடு. எல்லாத் துப்பறியும் படமும் ஒரு விசயத்தை நம்பி நிற்குது: இலக்கத்தைக் குறித்துக் கொடுத்தால் பொலிஸ் அதைத் தேடும். அந்த நம்பிக்கை இல்லையென்றால் இடைவேளையோட படம் முடிந்துவிடும். எங்களுக்குத் தெரிந்த வாகனம் வெள்ளை வேன். அதுக்கு இலக்கம் கிடையாது, இருந்தாலும் பொய் இலக்கம். வெள்ளை வேனுக்கு முதலும் கதை இருக்கு. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, செங்கலடிக்குப் பக்கத்து ஊர் வந்தாறுமூலையில, பல்கலைக்கழக அகதிமுகாமில இருந்த 158 பேரை வாகனங்களில ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒருவரும் திரும்பவில்லை. 2006 டிசம்பர் 15ஆம் திகதி அதே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் கொழும்பில, பாதுகாப்பு இறுகின பகுதியில வைத்துக் காணாமல் ஆக்கப்பட்டார். எந்த வாகனம், யாருடையது, எங்க போனது? ஒரு துணைவேந்தருக்கே பதில் கிடைக்கவில்லை. லீனா மணிமேகலை 2013இல எடுத்த 'வெள்ளை வேன் கதைகள்' ஆவணப்படத்தில பேசுகிற பெண்கள் எல்லாரும் செய்வது துப்பறியும் வேலைதான். நேரம், நிறம், எந்தப் பக்கம் திரும்பினது, யார் பார்த்தது என்று சொல்கிறார்கள். கேட்டு எழுத ஒரு சங்கர் மட்டும் இல்லை.

அதனாலதான் 'த்ரிஷ்யம்' (2013) எங்களுக்கு வேற மாதிரி விழுகுது என்று நினைக்கிறேன். அதிலும் ஒரு கார், மஞ்சள் மாருதி ஸென். அதைக் கொண்டுபோய் கல்லுடைத்த குழியின் தண்ணீருக்குள்ள விடுகிறான் கேபிள் டிவிக்காரன், சைக்கோவின் சதுப்பைப்போலவே. அவன் அந்தக் காரை ஓட்டினதை ஒரு கொன்ஸ்டபிள் கண்டுவிடுகிறான். தமிழில 'பாபநாசம்' (2015), சிங்களத்தில 'தர்மயுத்தய' (2017). சிங்களத்தில இயக்கினவர் செய்யாறு ரவி, தமிழ்நாட்டுக்காரர். மூன்று பாசையிலும் சனம் பொலிஸுக்கு எதிராக, சவத்தை மறைத்தவன் பக்கம் நின்று கைதட்டினது. பொலிஸை நம்பாத சனம் எந்தப் பாசையிலும் இருக்கு. ஆனால் தமிழ்நாட்டில பார்த்த என் நண்பி, 'எவ்வளவு மூளை' என்றாள். இங்க என் பெரியம்மா, 'பொடியன்ட தாய் பாவம், பிள்ளை எங்க எண்டு தெரியாமக் கிடக்கிறா' என்றார். கீதா பிரபாகர் ஐ.ஜி., அடிக்கிறவள், வில்லி. ஆனால் அவள் ஒரு காணாமல்போனவனின் தாயும்தான். படம் முழுக்க அவள் கேட்பது ஒரே கேள்வி. அந்தக் கேள்வியோட மட்டக்களப்பில தெருவில நிற்கிற அம்மாமாரை எனக்குத் தெரியும். படம் பிழை என்று சொல்லவரவில்லை. கைதட்ட முதல் ஒருக்கா கை நிற்குது, அவ்வளவுதான்.

கார்த்திக் நரேனின் 'துருவங்கள் பதினாறு' (2016) இந்த வகையில நல்லாக் கட்டின படம். மழை இரவு, மூன்று பொடியன்கள், கார், அடிபட்ட ஒருவர், டிக்கி. எனக்கு அதின் கணக்கு பிடித்தது, மனிசர்கள் அவ்வளவு நிற்கவில்லை.

பிரசன்ன விதானகேயின் 'பாரடைஸ்' (2023) நேர்மாறு. 2022இல, எரிபொருள் இல்லாத இலங்கைக்கு ஒரு மலையாளத் தம்பதி ராமாயணச் சுற்றுலா வருகுது. வழிகாட்டியின் வாகனத்திலதான் கதை நகருது. லப்டொப்பும் போனும் களவு போக, கணவன் பொலிஸை நெருக்குகிறான், பொலிஸ் ஆரையாவது பிடிக்க வேணும் என்று தோட்டத்துத் தமிழ்ப் பொடியன்களைப் பிடிக்குது, ஒருவன் சாகிறான். துரத்தல் இல்லை, ஓடுவதற்கு எண்ணெயும் இல்லை. அந்த வருசம் கியூஆர் வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், ஆட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் பிரித்தார்கள். நானும் நின்றிருக்கிறேன், இரவு முழுக்க. எங்கட வாழ்க்கையில இலக்கத் தகடு ஒழுங்காக வேலை செய்ததை நான் கண்டது அந்த வரிசையிலதான்.

'தொடரும்' முடிந்த பிறகு அம்மப்பா எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து ஒரு கொப்பி எடுத்து வந்தார். ஹயர் கொப்பி. திகதி, ஏற்றின இடம், இறக்கின இடம், காசு. 90இலிருந்து ஓரத்தில வேற கையெழுத்துப் போலச் சின்னதாக சில இலக்கங்கள். சந்தியில புதுசாக ஒரு வாகனம் நின்றால், ஆரையாவது ஏற்றிக்கொண்டு போனால், எழுதி வைத்திருக்கிறார். ஆருக்குக் கொடுக்க என்று கேட்டேன். "ஆரும் கேட்டா" என்றார். ஆரும் கேட்கவில்லை. ஆணைக்குழுக்கள் வந்தபோது போகவில்லையா என்றதுக்கு, "கார்க்காரன்ட கொப்பிய ஆரு பார்ப்பான்" என்றுவிட்டு மறுகா ஒன்றும் பேசவில்லை.

மைனரை 2006இல விற்றுவிட்டார். தகட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு கொடுத்திருக்கிறார், அது சட்டப்படி பிழை என்று நினைக்கிறேன். கொப்பியின் கடைசிப் பக்கங்களில ஹயர் குறைவு. அந்த வருசத்து வரிகளில மூன்று இடத்தில 'வெள்ள வேன்' என்று இருக்கு. நேரமும் எழுதியிருக்கு, எந்தப் பக்கம் போனது என்றும் எழுதியிருக்கு. இலக்கம் எழுதுகிற இடத்தில ஒவ்வொரு முறையும் ஒரு கோடு.

கொப்பி இப்ப என்னட்டக் கிடக்கு. போனில படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் நாற்பது பக்கம் இருக்கு.